கங்கைக் கரையில் தரங்கம்பாடியின் தங்கை

கொல்கத்தாவில் வாழும் நம்மவர் விடுமுறை நாளென்றால் தட்சிணேசுவரத்தையும் பேலூரையுமே நாடுகின்றனர். ஹௌராவுக்கு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீராம்பூரையோ, ரயில் சன்னல் வழியே கண்டதோடு நம்மிற் பலர் விட்டுவிடுகிறோம். வழிகாட்டியின் துணையின்றி அரை நாளில் காலாற நடந்து காணத்தக்க ஊர் அது. தமிழருக்கு அதனோடு ஓர் உறவும் உண்டு.

1755-இல் டென்மார்க் நாட்டார் இங்கே வணிகத் தலம் நிறுவி, 'பிரெடரிக்ஸ்நகர்' எனப் பெயரிட்டனர். அவர்களுடைய இந்தியக் குடியேற்றங்களுக்குத் தலைமையிடமாக விளங்கியது நமது தரங்கம்பாடி.

நிலையத்தில் இறங்கிக் கிழக்கே ஆற்றை நோக்கி நடப்போமாயின், 1806-இல் கட்டி முடிக்கப்பெற்ற செயின்ட் ஓலாவ் தேவாலயம் நம்மை வரவேற்கும். அதன் முகப்பில் ஏழாம் கிறிஸ்டியன் மன்னரின் முத்திரையெழுத்தைக் காணலாம். சிதைவுற்றிருந்த இக்கோயில் செப்பனிடப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. ஆற்றோரத்தில் 1786-ஆம் ஆண்டின் பழைய விடுதி ஒன்றுண்டு. கூரையிழந்து பாழாய்க் கிடந்த அது, 2018-இல் புத்துயிர் பெற்றுத் திறக்கப்பட்டது.

அடுத்துக் காண வேண்டியது, கங்கையைப் பார்த்து நெடுந்தூண்களுடன் நிற்கும் ஸ்ரீராம்பூர்க் கல்லூரி. ஆங்கிலக் கும்பினியார் சமயப் பணியாளரை விரும்பாத காலத்தில், வில்லியம் கேரி 1800-இல் டேனியரின் இவ்வூரில் புகலடைந்தார். மார்ஷ்மன், வார்டு ஆகியோருடன் அவர் 1818-இல் இக்கல்லூரியை நிறுவினார். 'சமாசார் தர்ப்பண்' என்னும் வங்காள வார இதழும் அதே ஆண்டில் இங்கே பிறந்தது. அவர்தம் அச்சகத்துக்கு எழுத்து வெட்டித் தந்தவர் பஞ்சானன் கர்மகார் என்னும் வங்கக் கொல்லர். தரங்கம்பாடியிலோ, அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியிருந்தது.

1845-இல் இரண்டு ஊர்களையும் டேனியர் ஒரே உடன்படிக்கையில் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றனர். ஒரே பத்திரத்தில் கைமாறிய இவ்விரு ஊர்களையும் இன்று நம்மில் எத்தனை பேர் சேர்த்து நினைக்கிறோம்? வங்கத்திலே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்குத் தரங்கம்பாடி வெறும் பெயராகப் போய்விடலாகாது. இங்குள்ள சுவரைத் தொட்டுக் காட்டி, அங்குள்ள கோட்டையின் கதையை நாம் சொல்லலாம். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அதையும் காட்டலாம்.

திரும்புகையில் படகேறிப் பராக்பூர் சேர்ந்து, அங்கிருந்து ரயிலில் சியால்தா வந்தடையலாம். ஆற்றின் நடுவிலிருந்து பார்க்கும்போதுதான் அந்நகரின் அழகு முழுமையாகப் புலப்படும்.