சைக்கிளும் சீமைக் காரும்

மனிதனுக்கு வாகனத்தின்மீதுள்ள மோகம் இன்று நேற்று உண்டானதன்று. யானைமீது சென்றவனும், பல்லக்கில் சென்றவனும், குதிரை வண்டியில் சென்றவனும் வழிநடைச் சிரமத்தைக் குறைத்துக்கொள்வதற்காக மட்டுமே அவற்றில் ஏறினார்களில்லை. தெருவில் நிற்பவர் அண்ணாந்து பார்க்கவேண்டும் என்பதும் அவர்கள் உள்ளத்தில் இருந்தது. இந்த மோகம் மன்னர்க்கும் மிராசுதார்க்கும் உரியது. மலாக்கா மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் பெரட்டில் பெயர் பதிந்து சம்பளக் கணக்கு எழுதும் கிராணிக்கு அதில் பங்கில்லை என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்பதைச் சிங்கப்பூரில் அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டேன். கற்றதை ஒளியாமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தந்தையார் ஜாசின் வட்டாரத்தில் தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர். மாமன் ஒருவரின் பொருளுதவியால் நான் பட்டணத்தில் ஆங்கில வழியில் படித்தேன். அந்தப் படிப்பே என்னைக் காட்டிலிருந்து எடுத்து ஆபீஸ் நாற்காலியில் வைத்தது. ஆகவே ஆங்கிலத்துக்கு நான் நன்றியுடையவன். ஆனால் அது எனக்குச் சோற்றோடு சேர்த்துச் சிறிது செருக்கையும் தந்திருந்ததென்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில், மனைவி மக்களுடன் மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறிச் சிங்கப்பூர் சென்றோம். ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டினால் வெளிநாடு. எங்களைப் போன்றோர்க்கு எட்டுகின்ற வெளிநாடு அதுவே. அங்கே வேலையிலிருக்கும் என் மைத்துனர் எனக்கு ஒரு வியப்பை வைத்திருந்தார். விலையுயர்ந்த பந்தயக் கார்களை, பணம் கட்டியவர், பக்கத்தில் ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கான சீட்டு ஒன்றை என் பிறந்தநாளுக்காக வாங்கியிருந்தார். “மச்சான், வாழ்நாளில் ஒருமுறை” என்றார்.

மெரினா பே பகுதியில் வண்டிகள் நின்றன. அவ்விடத்துச் சாலைகளில்தான் 2008-ஆம் ஆண்டில் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் முதன்முதலாக இரவு நேரத்தில் நடைபெற்றது. நம் நாட்டிலும் சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை அப்பந்தயம் நடந்ததை அன்பர்கள் அறிவார்கள். ஆனால் சிப்பாங் பந்தயத்துக்கென்றே கட்டிய களம். இதுவோ மற்ற நாட்களில் பஸ்ஸும் டாக்சியும் போகும் தெரு.

சிவப்பு ஃபெராரி ஒன்றும், மஞ்சள் லம்போர்கினி கல்லார்டோ ஒன்றும் இருந்தன. நான் லம்போர்கினியைக் கேட்டேன். அதற்குக் காரணமுண்டு. அந்தக் காரின் மூலபுருஷரான ஃபெருச்சியோ லம்போர்கினி 1916-இல் இத்தாலியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், பட்டாளம் விட்டுப்போன வண்டிகளின் உறுப்புகளைக்கொண்டு டிராக்டர் செய்து பிழைத்தார், செல்வரானார், ஃபெராரி வாங்கினார். அதன் கிளட்ச் அடிக்கடி கெட்டுப்போகிறதென்று என்ஸோ ஃபெராரியிடமே முறையிட்டபோது, ‘உமக்கு டிராக்டர்தான் ஓட்டத் தெரியும்’ என்னும் கருத்துப்பட அவர் இகழ்ந்ததாகவும், அந்த அவமதிப்பே தம்மைக் கார் செய்யத் தூண்டிற்றென்றும் லம்போர்கினி சொல்லிவந்தார். 1963-இல் சாந்த் ஆகத்தா என்னும் ஊரில் அவருடைய கார்த் தொழிற்சாலை எழுந்தது. டிராக்டர்காரர் மகனாகிய நான் வேறெந்த வண்டியைக் கேட்பேன்?

கதவைத் திறந்து உட்கார்ந்தபோது தரையிலேயே அமர்ந்ததுபோலிருந்தது. மேற்கூரை திறந்திருந்தது. இஞ்சின் முன்னால் இல்லை. முதுகுக்குப் பின்னால் பத்துச் சிலிண்டர்களோடு உறுமிக்கொண்டிருந்தது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலும் ஓடவல்ல அந்த வண்டியில் நாங்கள் சென்ற வேகமோ 50! முன்னால் ஒரு பஸ்; அதற்கு முன்னால் சிவப்பு விளக்கு. “அவசரப்படாதீர்கள், சார், இங்கே வேகத்தைக் காட்டமுடியாது, சத்தத்தைத்தான் காட்டமுடியும்” என்று பயிற்சியாளர் சிரித்தார். அது முற்றிலும் உண்மை. காலை இலேசாக அழுத்தினால் உயர்ந்த கட்டடங்களிடையே இடி உருண்டது. நடைபாதையில் சென்றவர்கள் திரும்பினார்கள். சிலர் படம் எடுத்தார்கள். அவர்கள் பார்த்தது காரை. நானோ என்னையே பார்க்கிறார்களென்று எண்ணி, அறியாமலே முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

அடுத்த விளக்கில் நின்றபோது எங்கள் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. அதன் பின்தட்டில் கட்டட வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளரை அவ்வாறு லாரியில் ஏற்றிச் செல்வது வழக்கம்; அது கூடாதென்று அந்நாட்டிலேயே பலர் வாதாடியும் வருகிறார்கள். அவர்களுள் ஒரு வாலிபர் என்னைக் குனிந்து பார்த்து, முகமெல்லாம் மலர, “அண்ணே, இது உங்க வண்டியா?” என்று கேட்டார். கேள்வியில் பொறாமையில்லை, கேலியுமில்லை. தமிழன் ஒருவன் இத்தகைய வண்டியில் இருக்கிறானே என்ற மகிழ்ச்சியே இருந்தது.

நான் என்ன செய்தேன்? தமிழே தெரியாதவனைப்போல், “சாரி” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ‘வாடகை வண்டி’ என்று சொன்னால் என் பெருமை போய்விடும். ‘என் வண்டி’ என்று சொன்னால் பொய்யாகும். இரண்டுக்கும் அஞ்சியவன் என் தாய்மொழியை மறைத்தேன். விளக்குப் பச்சையாயிற்று. இடி உருண்டது. லாரி பின்தங்கிற்று.

நிற்க. ஊர் திரும்பினோம். படத்தை ஆபீஸில் காட்டினேன், எல்லாரும் கைகுலுக்கினார்கள். ஒரு வாரம் கழித்து, மாலையில் தோட்டத்துச் செம்மண் சாலையில் என் சிறிய காரில் வந்துகொண்டிருந்தேன். எதிரே குலை வெட்டும் வங்காளதேசத்து வாலிபர் ஒருவர் சைக்கிளில் வந்தார். என்னைக் கண்டதும் சடக்கென்று இறங்கி, சைக்கிளைப் புல்லில் சாய்த்து, தொப்பியைக் கையிலெடுத்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி இறங்குவது புதிதன்று. இரண்டு ஆண்டுகளாக இறங்குகிறார். புதியது என்னவென்றால், அன்றுதான் அது என் கண்ணில் பட்டது.

என் பாட்டியார் சொன்ன ஒரு செய்தி அப்போது நினைவுக்கு வந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு முன், அவருடைய தகப்பனார் சிறுகச்சிறுகச் சேர்த்த காசில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினாராம். ஆறேழு வயதுப் பெண்ணாகிய பாட்டியை முன்கம்பியில் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிப்போவாராம். வழியில் துரை வந்தாலும் கிராணி வந்தாலும் இறங்கவேண்டும். முதலில் பிள்ளையைத் தூக்கிச் சேற்றில் விட்டு, பிறகு தாம் இறங்கி, அவர்கள் போகும்வரை நிற்பாராம். “ஏன் இறங்கணும்னு கேட்டா, எங்கப்பா வாயைப் பொத்துவாரு” என்று பாட்டியார் சொல்வார்.

இது ஒரு குடும்பத்தின் கதையன்று. 1941-ஆம் ஆண்டில் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி ஆகிய கோரிக்கைகளோடு, துரைமாரும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களும் எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமையையும் அவர்கள் கேட்டார்கள். வயிற்றுக்குச் சோறு போதாதவர்கள் சைக்கிள் உரிமை கேட்டதைப் பார்த்துச் சிலர் நகைத்திருக்கக்கூடும். ஆனால் கூலியை உயர்த்தினாலும் மனிதன் சேற்றில் நிற்கவேண்டுமென்றால், உயர்ந்தது கூலி மட்டுமே என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களை ஒன்றுதிரட்டிய ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் போயிற்று.

அந்தக் கோரிக்கையில் ‘துரை’ மட்டும் இல்லை, ‘உத்தியோகஸ்தர்’ என்பதும் இருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அது என் உத்தியோகம். வெள்ளைத் துரைமார் கப்பலேறிப் போனார்கள். நம்மவரும் ரப்பர் மரத்தை விட்டுப் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். அவர்கள் விட்ட இடத்தில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் வந்து நிற்கிறார்கள். நாற்காலியோ அங்கேயே இருக்கிறது. அதில் இப்போது நான் இருக்கிறேன். எவர் முன்னால் என் முன்னோர் இறங்கி நின்றார்களோ, அவர் இடத்தில் இருந்துகொண்டு அந்த மரியாதையை இரண்டாண்டு காலம் கணக்குப் பாராமல் வாங்கிக்கொண்டேன். லாரியிலிருந்த தமிழருக்கு முகத்தைத் திருப்பியதும் இந்தப் பழக்கத்தின் மிச்சமே என்று இப்போது தெளிகிறேன்.

அன்று காரை நிறுத்தி இறங்கி, “தா பாயா துருன்” என்று மலாயில் சொன்னேன். இறங்கவேண்டாம் என்றதை அவர் ஏதோ குற்றச்சாட்டென்று அஞ்சி, “மன்னிக்கவேண்டும், போஸ்” என்றார். மறுநாளும் இறங்கினார், அதற்கடுத்த நாளும் இறங்கினார். தலைமுறைப் பழக்கம் ஒரு சொல்லுக்கு ஓடிவிடுமா? பல நாள் கழித்து ஒரு மாலையில், வேகத்தைச் சிறிது குறைத்து, இறங்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடே ஒரு கையை மட்டும் உயர்த்திவிட்டுச் சைக்கிளில் சென்றார். நானும் கையை உயர்த்தினேன். அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி சிங்கப்பூரில் உண்டானதைவிடச் சிறிதன்று.

தோட்டத்திலும் பட்டணத்திலும் உத்தியோகம் பார்க்கும் அன்பர்களே! நல்ல வண்டி ஓட்ட ஆசைப்படுவது குற்றமன்று. என் மகன் அந்தப் படத்தை இன்னும் சுவரில் வைத்திருக்கிறான், இருக்கட்டும். உங்களைக் கண்டு யாரேனும் இறங்குகிறார்களா என்று மட்டும் நாளைக் காலையில் சற்றுக் கவனித்துப் பாருங்கள்.

லாரியில் வந்த அந்தத் தம்பியை நான் இனிச் சந்திக்கப்போவதில்லை. அவருக்குச் சொல்லியிருக்கவேண்டிய விடையை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்: “இல்லை தம்பி, அரைமணி நேர வாடகை வண்டி. உங்களுக்கு எந்த ஊர்?”