கோஸ்ட்டா ரிக்காவில் யாம் குடியிருந்த வீடு

பிறந்த ஊரில் வீடு என்பது ஒருவன் தேடிப் பெறும் பொருளன்று. அஃது அவனுக்கு முன்னரே அங்கிருப்பது. பாட்டன் கட்டிய திண்ணையும், தந்தை நட்ட முருங்கையும், அடுத்த வீட்டாரோடு தலைமுறை தலைமுறையாய் வளர்ந்த உறவும் பிணக்கும் பிள்ளைக்குத் தாமே வந்து சேர்கின்றன. அயல்நாட்டிற் குடிபுகுவோனுக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை. சாவியை வாங்கிக் கதவைத் திறந்த நாளன்றே அவ்வீட்டின் வரலாறு தொடங்குகின்றது என்று அவன் எண்ணிக்கொள்கின்றான். அவ்வெண்ணம் பிழை என்பதை யாம் அறிந்துகொள்ள ஏறக்குறைய மூன்றாண்டு சென்றது. நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் பலர் கடல் கடந்து செல்லும் இந்நாளில், அதனைச் சொல்லிவைத்தல் நலமென்று கருதி இதனை எழுதுகின்றோம்.

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்தில் ஏழு நாடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கோஸ்ட்டா ரிக்கா. வடக்கே நிக்கராகுவா, தென்கிழக்கே பனாமா, இரு புறமும் இரு பெருங்கடல்கள். 1948-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இந்நாட்டார் தம் படையைக் கலைத்துவிட்டனர். அன்றைய பாசறை இன்று பொருட்காட்சிச்சாலையாக விளங்குகின்றது. தலைநகராகிய சான் ஹோசே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,150 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த சமவெளியில் அமைந்தது. வெயிலின் கொடுமையும் இல்லை. பனியின் கொடுமையும் இல்லை. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பணியின் பொருட்டு, கணவனும் மனைவியுமாக யாம் இருவரும் அந்நகரம் சேர்ந்தோம்.

முதற்கண் யாம் தங்கியது எஸ்கசூ என்னும் புறநகர். வட அமெரிக்காவினின்று ஓய்வூதியத்தோடு வருவோரும், பெரிய கம்பெனிகளின் உத்தியோகஸ்தரும் மிகுதியாய் வாழும் இடம் அது. உயர்ந்த மதில், மதிலின்மேல் முட்கம்பி, வாயிலிற் காவற்கூண்டு, உள்ளே ஒரே சாயலில் முப்பது வீடுகள், நடுவே நீச்சற்குளம். எல்லாரும் ஆங்கிலம் பேசினர். ஆறு திங்கள் அங்கிருந்தோம். எதிர்வீட்டாரின் பெயரை யாம் அறியோம், எம் பெயரை அவரும் அறியார். ஒரு நாட்டிற்கு வந்தும் வாராதவராய் இருக்கின்றோமே என்னும் குறை எம்மை வருத்திற்று. ஆகவே, பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள சான் பேத்ரோ என்னும் பகுதியில் ஒரு பழைய வீட்டின் செம்பாதியை வாடகைக்குப் பிடித்தோம். கேட்ட வாடகை எஸ்கசூவிற் கொடுத்ததிற் பாதியே. டாலரில் வேண்டும் என்றார் வீட்டுக்காரர். பேரம் பேசாது ஒப்புக்கொண்டோம். நல்ல ஆதாயம் என்று அன்றிரவு எமக்குள் மகிழ்ந்தும் கொண்டோம்.

எம் புதிய வீட்டின் விலாசம் யாது தெரியுமோ? "பழைய அத்திமரத்திலிருந்து தெற்கே 200 மீற்றர், கிழக்கே 50 மீற்றர், பச்சைக் கம்பிக்கதவு, இடக்கைப் பக்கம்" என்பதே. கதவிலக்கமில்லை; தெருப்பெயரைச் சொல்வாரும் இல்லை. 100 மீற்றர் என்பது அந்நாட்டில் அளவுகோலால் அளந்த தூரமன்று. ஒரு தெருமுனை தொட்டு அடுத்த தெருமுனை வரையுள்ள தொலைவுக்கு அதுவே பெயர். இதனினும் வியப்பு, அந்த அத்திமரம் பட்டு வீழ்ந்து நெடுநாளாயிற்று என்பது. இல்லாத மரத்தினின்றே ஊரார் வழி எண்ணுகின்றனர். நகரின் நடுவிலும் 'கொக்க கோலா' என்று ஒரு பேருந்து நிலையம் உண்டு. அப்பானத்தைப் புட்டியில் அடைத்த தொழிற்சாலை முன்னொரு காலத்தில் அங்கிருந்தது. 2012-ஆம் ஆண்டிற் சான் ஹோசே நகராட்சியார் தெருக்கள்தோறும் பெயர்ப்பலகை நாட்டத் தொடங்கினர். ஆயினும் மக்கள் நாவில் மரமும் தொழிற்சாலையுமே நிலைத்துள்ளன. அரசமரத்தடிப் பிள்ளையாருக்கு எதிர்வீடு என்று சொல்லிப் பழகிய நமக்கு இதிற் புதுமை சிறிதே. ஆனால் இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: அயலாரைக் கேளாமல் எவனும் வீடு போய்ச் சேரமாட்டான்.

எம் வீட்டின் மற்றைப் பாதியில் ஒரு மூதாட்டியார் குடியிருந்தார். கைம்பெண், தையல் தொழிலர். இருபத்தோராண்டாக அங்கு வாழ்பவர். யாம் குடிபுகுந்த மறுநாட் காலை, கம்பிக்கதவின் வெளியே "ஊப்பே!" என்றொரு குரல் கேட்டது. அந்நாட்டார் கதவைத் தட்டார். வாயிலில் நின்று இவ்வாறு கூவுவர். குவாதலூப்பே அன்னையின் திருப்பெயரே தேய்ந்து அவ்வாறாயிற்று என்பர். திறந்து பார்த்தால், ஒரு தட்டிற் கறுப்பு அவரையோடு கலந்து தாளித்த சோற்றை ஏந்தி நின்றார் அவ்வம்மையார். "தாங்கள் சோறுண்ணும் நாட்டினர் என்று கேள்விப்பட்டேன், ஆகவே கொண்டுவந்தேன்" என்றார். அந்நாட்டிற் பெற்றோர் பிள்ளைகளோடும், ஏன், நாயோடும் பூனையோடுங்கூட மரியாதைப் பன்மையிற் பேசக் கேட்டிருக்கின்றோம். உள்ளே அழைத்தபொழுது, நிலைப்படியில் நின்று "தங்கள் அனுமதியோடு" என்று சொல்லிய பின்னரே காலெடுத்து வைத்தார்.

அன்றுதொட்டு அவரே எமக்கு ஆசிரியர். பிற்பகலில் வானம் இருளுமுன் துணிகளை எடுத்துவிடவேண்டும் என்பதும், மே தொடங்கி நவம்பர் முடிய உள்ள மழைக்காலத்தையே அவர்கள் குளிர்காலம் என்பர் என்பதும் அவர் கற்பித்தவை. மழை தகரக்கூரைமேல் இறங்கினால் எதிரே இருப்பவர் பேச்சும் செவியில் விழாது. அந்நேரம் காப்பிக்குரியது. மரத்தாங்கியில் துணிப்பையைத் தொங்கவிட்டு, அதிலே தூளையிட்டு, வெந்நீரை மெல்ல ஊற்றி வடிப்பர். குளியலறைக் குழாயின் முனையிலேயே மின்கம்பி பொருத்தி நீரைச் சுடவைக்கும் கருவியைக் கண்டு யாம் ஒரு கிழமை அஞ்சிக் குளிர்நீரே ஆடினோம். அவர் வந்து காட்டிய பின்னரே துணிவு பிறந்தது. சனிக்கிழமை தோறும் உழவர் சந்தைக்கு எம்மை உடனழைத்துச் செல்வார். அங்குச் 'சாயோத்தே' என்று குவித்திருந்த பசுங்காயைக் கண்டவுடன் எம் இல்லாள், "நம் சௌசௌ!" என்று வாய்விட்டுக் கூவிவிட்டாள். நாம் பெங்களூர்க் கத்தரிக்காய் என்றும் சொல்லும் அக்காய்க்குத் தாயகம் நடு அமெரிக்க நிலப்பகுதியே. நாம் நம்முடையது என்று எண்ணி உண்டது அவர்களுடையதாயிற்று! அதனைத் தேங்காயோடு கூட்டுச் செய்து அவருக்குக் கொடுத்தோம். காரம் கண்களை நிறைத்தாலும், "மிக நன்று" என்று முழுதும் உண்டார்.

2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் துரியால்பா எரிமலையின் சாம்பல் நகரெங்கும் படிந்தது. விமான நிலையமும் மூடப்பட்டது. யாம் நடுங்கி நின்றபொழுது, அவர் நனைத்த துணிகளைக் கொண்டுவந்து சன்னல் இடுக்குகளில் அடைத்துக்கொண்டே, 1963-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இராசூ எரிமலை குமுறிய கதையைச் சொன்னார். அமெரிக்கத் தலைவர் கென்னடி வந்திருந்த காலத்தையொட்டித் தொடங்கிய அச்சாம்பல் ஏறக்குறைய இரண்டாண்டு பெய்ததாம். "அப்பொழுது நான் சிறுமி; பள்ளிக்குக் குடைபிடித்துச் சென்றோம்; இது என்ன பெரிது?" என்றார்.

தெருமுனையில் ஒரு காவற்காரர் இருந்தார். ஆங்கிலேயரின் 'வாட்ச்மேன்' என்னும் சொல்லே அந்நாட்டில் 'குவாச்சிமான்' என வழங்குகின்றது. அவர் நிக்கராகுவா நாட்டினர். அவரும் பிறநாட்டினர், யாமும் பிறநாட்டினர். ஆயினும் எம்மை 'எக்ஸ்பேட்ரியட்' என்பர். அவரைக் 'குடியேறி' என்பர். எமக்கு வீடு காட்டத் தரகர் காரோடு வந்து நிற்பர். அவரோ இரு ஆறுகளுக்கிடையே, குப்பைமேட்டை அடுத்துக் கிடக்கும் லா கார்ப்பியோ என்னும் சேரியில், தாமே எழுப்பிய தகர அறையில் வாழ்ந்தார். 2018 ஏப்ரலில் அவர் நாட்டிற் கலவரம் மூண்டபின், அவர் தம்பியின் குடும்பமும் அவ்வறையிலேயே அடைக்கலம் புகுந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்குச் சென்ற நம்மவரை எண்ணினோம். ஒரே கடலைக் கடப்பவருள்ளும் ஏன் இத்தனை பெயர் வேற்றுமை என்று வியந்தோம்.

நிற்க. 2017-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் மாலை, வழக்கம்போல் "ஊப்பே!" என்னும் குரல் கேட்டது, ஆனால் குரலில் வலிவில்லை. கையில் ஒரு கடிதம். ஒப்பந்தம் முடியும் நாளிலே வீட்டை ஒழித்துக் கொடுக்கவேண்டும் என்று வீட்டுக்காரர் அறிவித்திருந்தார். அந்நாட்டில் 1995-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போர்க்கு நல்ல காப்பு அளிப்பதே. ஒப்பந்தம் மூன்றாண்டிற்குக் குறையலாகாது. வாடகை கோலோன் நாணயத்தில் இருப்பின் விலைவாசிக் கணக்கை ஒட்டியே ஆண்டுதோறும் ஏற்றலாம். ஆனால் காலம் முடியுமுன் மூன்று திங்கள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டால், வீட்டை மீட்டுக்கொள்ளத் தடையில்லை. ஏழு முறை தானே நீண்டு வந்த ஒப்பந்தத்தை இம்முறை நீளவிடவில்லை வீட்டுக்காரர்.

யாம் வெகுண்டு அவரிடம் சென்றோம். அவர் கடுமையாளர் அல்லர். எமக்கு நாற்காலியிட்டுக் காப்பியும் தந்தார். "தாங்கள் கொடுக்கும் வாடகை அந்த அம்மாள் கொடுப்பதைப் போல் இரு மடங்கு. தாங்கள் ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லாமல் கொடுத்தீர்கள். அப்பொழுதுதானே வீட்டின் மதிப்பு எனக்கே தெரிந்தது? தங்களைப் போன்ற நல்லவர் ஒருவர் அப்பகுதிக்கும் வருவதாக உள்ளார்" என்றார். எமக்குமுன் எம் பகுதியில் ஒரு பள்ளியாசிரியர் குடும்பத்தோடு இருந்தார் என்பதும், அவரும் இவ்வாறே ஒழிந்து சென்றவர் என்பதும் அப்பொழுதுதான் எம் செவிக்கெட்டின. வெகுளியோடு போன யாம் தலைகவிழ்ந்து மீண்டோம்.

அம்மையாரிடம் உண்மையை உரைத்தோம். வேற்றுமையை யாமே செலுத்துவோம் என்றும் சொன்னோம். அவர் எம் இல்லாளின் கையைப் பற்றிக்கொண்டு, "தாங்கள் எத்தனை திங்கள் இங்கிருப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எம் பணி இன்னும் ஏழு திங்களில் முடிவதாயிருந்தது. அவ்வினாவில் வசையில்லை; ஆனால் அதற்கு எம்மிடம் விடையும் இல்லை. ஆசிரியர் குடும்பத்தைப் பற்றித் தாம் ஏன் முன்னரே சொல்லவில்லை என்பதையும் அவரே சொன்னார்: "தாங்கள் கேட்கவில்லை, வந்தவர் மனத்தை வருத்துவது எப்படி?"

2018 பெப்ருவரியில் அவர் நகரின் தெற்கே தேசாம்பராதோஸில் உள்ள மகன் வீட்டிற்குச் சென்றார். தையற்பொறியை யாமும் காவற்காரரும் தூக்கி வண்டியில் ஏற்றினோம். காப்பி வடிக்கும் மரத்தாங்கியை எமக்கென்று விட்டுச் சென்றார். அடுத்த திங்களில் அப்பகுதிக்கு வெள்ளைச் சுண்ணமும் புதிய பூட்டும் வந்தன. பின்னர்க் கணினியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் வந்தார். நல்லவரே, ஆனால் யாம் புறப்படும் வரை ஒருநாளும் எம் வாயிலில் "ஊப்பே!" என்று கூவியதில்லை. எரிவாயு உருளை கொண்டுவரும் பையன் மட்டும், "தையற்கார அம்மாள் வீட்டுக்கு அடுத்த வீடுதானே?" என்று கேட்டே கடைசிவரை வந்தான். இல்லாத மரத்தோடு அவரும் எம் விலாசத்திற் சேர்ந்துவிட்டார்.

நம் மொழியில் அயலார் என்னும் சொல் அடுத்த வீட்டாரையும் குறிக்கும், பிறநாட்டாரையும் குறிக்கும். மூன்றாண்டும் யாம் இரு பொருளிலும் அவர்க்கு அயலாராய் இருந்தோம். வழி கேட்டோம், மழை கேட்டோம், காயின் விலையையும் கேட்டோம். இவ்வீட்டில் எமக்குமுன் இருந்தவர் யார், என்ன கொடுத்தார், எங்கே போனார் என்னும் ஒன்றை மட்டும் கேட்டிலேம். கேட்டிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்லத் துணியோம். வீட்டுக்காரருக்கு வேறொருவர் வந்திருத்தலும் கூடும். எனினும், பேரம் பேசாமை பெருந்தன்மை என்று எண்ணிச் செருக்குற்றிருக்கமாட்டோம்.

மாணவ நண்பர்களே, உங்களுட் பலர் நாளை அயல்நாட்டில் ஒரு சாவியை வாங்கிக் கதவு திறப்பீர்கள். குழாயில் நீர் வருமா, பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்பீர்கள், அவை கேட்கத்தக்கவையே. அவற்றோடு யாம் கேளாது விட்டதையும் கேளுங்கள். மரத்தாங்கி எம் அடுக்களையில் உள்ளது. மழை பெய்யும் பிற்பகலில் அதிற் காப்பி வடிக்குந்தோறும், எத்தனை திங்கள் இங்கிருப்பீர்கள் என்று கேட்ட அம்மெல்லிய குரல் எம் செவியில் ஒலிக்கின்றது.