கத்தரிக்காய்க்குள் பச்சை

சந்தையில் வாங்கிவந்த கத்தரிக்காயில் ஒன்றைக் குழம்புக்குக் கொடுக்காமல் ஒளித்துவைத்தேன். வரையத்தான். ஜன்னலோரம், பித்தளைச் சொம்புக்குப் பக்கத்தில்.

முதல் தடவை ஊதா பென்சிலை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். பத்தே நிமிடத்தில் தாள் வழவழவென்று ஆகிவிட்டது. அதற்குமேல் எந்த நிறமும் ஏறவில்லை. கலர் பென்சிலில் நிறமியோடு மெழுகும் இருக்கிறது. தாளின் சொரசொரப்பை அது அடைத்துவிட்டால் கதை முடிந்தது.

இரண்டாவது தாளில் பென்சிலைக் கூராகச் சீவி, நுனியை விட்டுத் தள்ளிப் பிடித்து, பட்டும் படாமல் தீட்டினேன். முதலில் கருநீலம், மேலே சிவப்பு, பிறகுதான் ஊதா. நிழல் விழும் வயிற்றில் கரும்பச்சை.

"ஊதா காய்க்கு எதுக்குடா பச்சை?" அம்மா சிரித்தார்.

வெறும் கறுப்பைத் தீட்டினால் அந்த இடம் ஓட்டை மாதிரி தெரியும்மா என்றேன். நம்பவில்லை. தள்ளி நின்று பார்த்த பிறகு, "ஆமா, உருண்டையாத்தான் இருக்கு" என்றார். சொம்பின் மஞ்சள் காயின் ஓரத்தில் மெல்லிசாக விழுந்திருந்ததைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஏழு அடுக்கு ஆயிற்று. மினுங்கும் இடத்தில் மட்டும் பென்சிலே படவில்லை. அது வெறும் தாள்.

சொம்பு இன்னும் பாதியில் நிற்கிறது. காய் சுருங்கத் தொடங்கிவிட்டது, நாளைக்கு வதக்கிவிடுவார்.