காரைக்கால் அடுப்பில் ஒரு பிரெஞ்சுப் பதார்த்தம்

நாகூரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் பேருந்து வாஞ்சூரைத் தொட்டதும் தமிழ்நாட்டின் எல்லை முடிந்து, புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் தொடங்கிவிடுகிறது. எல்லையை நமக்கு அறிவிப்பவை, சாலையோரத்து மதுக்கடைகள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சற்றுத் தூரம் சென்றால் திருமலைராயன்பட்டினம். அப்பால் அரசலாற்றுப் பாலம். ஆற்றைக் கடந்தவுடன் ஊர் தன் உண்மை முகத்தைக் காட்டுகிறது. பாங்கொலி கேட்கும் பள்ளிவாசல்கள், மஸ்தான் சாகிப் வலியுல்லாஹ் தர்கா, நீண்ட திண்ணைகளும் தாழிட்ட கதவுகளும் கொண்ட பெரிய வீடுகள். அவ்வீடுகளுள் பலவற்றின் உரிமையாளர்கள் பாரிசிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கிறார்கள்.

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. சோழ மண்டலக் கரையில் சுற்றிலும் ஆங்கிலேயர் ஆட்சி நடக்க, இச்சிறு நிலப்பகுதி மட்டும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பிரான்சின் கொடியின் கீழ் இருந்தது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் 6 மாதத்திற்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று வழி விடப்பட்டது. அந்த ஒரு கையெழுத்து எத்தனையோ குடும்பங்களைக் கடலுக்கு இருபுறமும் பிரித்து வைத்தது.

அத்தகைய குடும்பங்களுள் ஒன்று என் சாச்சியின் குடும்பம். சாச்சாவுக்குப் பிரெஞ்சு இராணுவத்தில் வேலை. மணமான புதிதில் சாச்சியும் அவருடன் சென்று, துலோன் என்னும் துறைமுக நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். சாச்சா ஓய்வு பெற்றதும் இருவரும் ஊர் திரும்பினர். மக்கள் அங்கேயே தங்கிவிட்டனர். இன்று சாச்சா இல்லை. எண்பதைக் கடந்த சாச்சி மட்டும் அந்தப் பெரிய வீட்டில், ஒரு பணிப்பெண் துணையோடு இருக்கிறார்.

சென்ற ஆண்டு நான் அவரைக் காணச் சென்றபோது, மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். பதினெட்டு வயது. தமிழ் புரியும், பேசத் தயங்குவான். ஊர் திரும்பியதும் வேறொரு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதன்முறையாகத் தனி அறையில் தங்கப் போகிறான். சாச்சிக்கு அந்தக் கவலைதான்.

"உம்மா சமைச்சுக் கொடுத்ததைச் சாப்பிட்ட புள்ளை. இனிமேல் கண்ட கடையிலே கண்டதையும் சாப்பிடுமே! ஹலால், ஹராம் யார் பார்த்துச் சொல்வாங்க?" என்று என்னிடம் புலம்பினார்.

"நான் பார்த்துக்குவேன், உம்மம்மா" என்றான் அவன். சாச்சிக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. "வா வாப்பா அடுப்படிக்கு" என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.

மேசையில் கால் கிலோ பீன்ஸ் இருந்தது. காரைக்காலின் வண்டல் மண்ணில் விளையும் காயன்று இது. குளிர்ந்த மலைப்பகுதிகளிலிருந்து வருவது. பிரெஞ்சு பீன்ஸ் என்று நாம் பெயர் சூட்டினாலும் பிரான்சுக்கும் இது வந்தேறிப் பயிரே. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. பிரெஞ்சு மக்கள் இதனை 'அரிக்கோ வேர்' என்பர். வெண்ணெயில் பாதாம் சேர்த்து அவர்கள் செய்யும் துணைக்கறி பெயர் பெற்றது.

சமைத்துக்கொண்டே சாச்சி கதையைச் சொன்னார். துலோனில் அடுத்த வீட்டு அம்மையார் ஒருநாள் அன்போடு ஒரு தட்டு பீன்ஸ் கொண்டுவந்து கொடுத்தாராம். அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருந்தன. சாச்சிக்கு மொழி தெரியாது. வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. மாலையில் சாச்சா போய் விளக்கினார். அம்மையார் சினம் கொள்ளவில்லை. அடுத்த வாரம் சாச்சியைத் தம் வீட்டுக்கு அழைத்து, சட்டியை அவர் கண்ணெதிரே கழுவி, இறைச்சிக்குப் பதில் பாதாமைப் போட்டுச் சமைத்துக் காட்டினார். மறுநாள் சாச்சி வீட்டு நெய்ச்சோறு அந்த வீட்டுக்குப் போயிற்று. பேச்சு வார்த்தை வளர்வதற்கு முன்னரே நட்பு வளர்ந்துவிட்டது.

செய்முறை இதுதான். பீன்ஸின் இரு முனைகளையும் கிள்ளி, நாரிருந்தால் உரித்துவிட வேண்டும். பொடியாக நறுக்கக் கூடாது. நிறையத் தண்ணீரில் உப்பிட்டு, அது தளதளவென்று கொதிக்கும்போது காயைப் போட்டு, மூடாமல் 5, 6 நிமிடம் வேகவிட வேண்டும். மூடினால் காயிலிருந்து எழும் புளிப்பு ஆவி வெளியேற வழியின்றிப் பசுமையைக் கெடுத்துவிடும். வெந்தவுடன் வடித்துக் குளிர்ந்த நீரில் இட்டால் நிறம் அப்படியே நிற்கும், மேலும் குழையாது.

வாணலியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும், சில துளி எண்ணெயும் விட்டு, மெல்லியதாகச் சீவிய பாதாம் 2 மேசைக்கரண்டியைச் சிறு தீயில் வறுக்க வேண்டும். பொன்னிறம் வரத் தொடங்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். "இறக்கின பிறகும் சூட்டிலே கறுக்கும். அதனாலே தனியா எடுத்து வை" என்று இருமுறை சொன்னார் சாச்சி. அதே வெண்ணெயில் தட்டிய பூண்டு 2 பல்லும், நீர் வடிந்த பீன்ஸும் சேர்த்து 2 நிமிடம் புரட்டி, மிளகுத்தூள் தூவி இறக்கி, பாதாமை மேலே பரப்பி, அரை எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். எலுமிச்சை கடைசியில்தான், முன்னரே பிழிந்தால் அதன் புளிப்பும் பச்சை நிறத்தை மங்கச் செய்யும். எல்லாம் 15 நிமிட வேலை. பாதாம் விலை மிகுதி என்போர் முந்திரியோ வேர்க்கடலையோ சேர்க்கலாம். நெய்ச்சோற்றுக்கும் பொருந்தும், ரொட்டிக்கும் பொருந்தும்.

கறியும் மீனும் இல்லாவிட்டால் சோறு இறங்காது என்போர் நம் வீடுகளில் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தையற்காரர் ஒருவரின் விருந்தில், தட்டின் ஓரங்களில் இருந்த சுரைக்காயைத் தேடி உண்டதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அன்று முதல் தாமும் சுரைக்காயை விரும்பலானதாக அவர்கள் கூறியிருப்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது. ஹலால் இறைச்சி கிடைக்காத ஊரில் காய்கறி ஒரு குறை அன்று. அது அல்லாஹ் திறந்து வைத்த வாசல். சாச்சி பேரனுக்குக் கற்பித்ததும் இதைத்தான்.

நண்பகலில் மூவரும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்தோம். பேரன் இரண்டாம் முறையும் எடுத்துக்கொண்டான். பின்னர்த் தன் கைபேசியில் பிரெஞ்சு மொழியில் ஏதோ குறித்தான். "என்ன எழுதினே?" என்றார் சாச்சி. "மூடக் கூடாது. பாதாம் தனியா. எலுமிச்சை கடைசி" என்று தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னான். சாச்சியின் முகத்தில் தோன்றிய நிறைவை நான் அந்த வீட்டில் பல ஆண்டுகளாகக் கண்டதில்லை.

துலோனில் ஓர் அடுத்த வீட்டுக்காரியின் நல்ல மனத்தால் காரைக்காலுக்கு வந்த பதார்த்தம், இப்போது ஒரு பேரனோடு மீண்டும் பிரான்சுக்குப் போயிருக்கிறது. சில மாதங்களுக்குப் பின் சாச்சிக்கு அவன் ஒரு படம் அனுப்பினான்: சிறிய அறை, சிறிய தட்டு, பச்சை பீன்ஸ். பாதாம் மட்டும் சற்றுக் கறுத்திருந்தது.

"தனியா எடுத்து வைன்னு ரெண்டு தடவை சொன்னேனே!" என்று சாச்சி கடிந்துகொண்டார். பிறகு படத்தை மறுபடியும் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கைபேசியை என்னிடம் தந்தார்.