பளபளக்காத உட்பக்கம்

பல் செட்டு செய்கிற லேபுக்குப் போனால் முதலில் ரிப்பேர் தட்டைப் பாருங்கள் என்று மதுரையில் ஒரு பல் மருத்துவர் சொல்லி அனுப்பினார். அவருக்கு வேலை செய்து கொடுக்கும் லேப் நகரின் பழைய பகுதியில், ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது. படியேறும்போதே அக்ரிலிக் திரவத்தின் நெடி மூக்கில் ஏறிவிடுகிறது. உள்ளே ஒருவர் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பற்களை வரிசை பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். மூலையில் முகக்கவசம் போட்ட இளைஞர் ஒருவர் பாலிஷ் மோட்டாரின்மேல் குனிந்திருந்தார். மேசை, தரை, சுவர்க் காலண்டர் எல்லாவற்றிலும் பிளாஸ்டர் தூள்.

ரிப்பேர் தட்டை என் பக்கம் நகர்த்தினார் மூத்த டெக்னீஷியன். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். ஒரு மேல்செட்டை எடுத்தார். "ரெண்டு முன்பல்லுக்கு நடுவுல நேரா கோடு ஓடியிருக்கு பாருங்க தம்பி. இது கீழ விழுந்து உடையல. வாய்க்குள்ளேயே உடைஞ்சது."

பல் போன பிறகு தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. எலும்பு இறங்க இறங்க, அளவெடுத்துச் செய்த செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இடைவெளி விழும். செட்டு ஆடத் தொடங்கும். ஒவ்வொரு மெல்லலுக்கும் நடுவில் துளி வளைந்து நிமிரும். இப்படிச் சில ஆண்டுகள் வளைந்த செட்டு ஒருநாள் சோற்றுக் கவளத்துக்கே பிளந்துவிடும். பக்கத்தில் கிடந்த கீழ்செட்டு மூன்று துண்டு. "இது வாஷ்பேசின்ல விழுந்தது. சோப்புக் கை வழுக்கிடும்." அடுத்ததில், உடைந்த விளிம்பு நெடுக வெள்ளையாகக் காய்ந்த பசை. கடையில் விற்கும் உடனடிப் பசையால் வீட்டிலேயே ஒட்டியிருக்கிறார்கள். "பசை போட்டுட்டா ரெண்டு துண்டும் பொருந்துற இடமே தெரியாது. அத சுரண்டி எடுத்துட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கணும்." கடைசியாக எடுத்த செட்டில் வெற்றிலைக் கறை கறுத்து, அதன்மேல் பற்காரை கல்லாக இறுகியிருந்தது.

இந்தச் செட்டுகளுக்குச் சொந்தக்காரர் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. அவருக்கு வருவது ஒரு பிளாஸ்டர் அச்சும் ஒரு சீட்டும்தான்: வயது, ஆணா பெண்ணா, பல்லின் ஷேடு, மருத்துவரின் குறிப்பு. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இவரைப் போன்றவரை 'டென்டல் மெக்கானிக்' என்று வரையறுத்தது. செட்டைச் செய்வதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை; வாய்க்குள் கை வைப்பது மருத்துவர் வேலை. இந்தப் பிரிவினை நோயாளிக்கு நல்லதுதான். நடைபாதையில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே அக்ரிலிக்கைக் குழைத்து வைத்து, மிச்சமிருக்கும் பல்லோடு ஒட்டிவிடுகிறவர்களால் கெட்ட வாய்கள் எத்தனையோ. ஆனால் இதில் ஒரு நஷ்டமும் உண்டு. செட்டு எதனால் உடைகிறது, எதனால் நாறுகிறது, எப்படிக் கோணுகிறது என்பதைக் கையால் அறிந்தவர், அதைப் போட்டுக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. அங்கே பார்த்த ஒவ்வொரு வேலையும் வீட்டுப் பராமரிப்புக்கான ஒரு விதியாகவே எனக்குப் பட்டது.

முதலில் வெப்பம். மருத்துவரிடமிருந்து வந்த அச்சின்மேல் மெழுகு மேடை கட்டி, தாடை அசைவைக் காட்டும் ஆர்ட்டிகுலேட்டர் கருவியில் மாட்டி, மேலும் கீழுமாக 28 பற்களை அடுக்குகிறார்கள். கடைவாயின் ஞானப்பல் இதில் சேராது. மெழுகுச் செட்டை நோயாளிக்குப் போட்டுப் பார்த்து மருத்துவர் சரி என்றதும், அது பித்தளைப் பிளாஸ்க்குக்குள் பிளாஸ்டரில் புதைகிறது. சுடுநீர் ஊற்றி மெழுகை உருக்கி வடித்துவிட்டால், ஈறு இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாக நிற்கும். பற்கள் மட்டும் பிளாஸ்டரைக் கவ்விக்கொண்டிருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் அக்ரிலிக்.

இளஞ்சிவப்புத் தூளில் திரவத்தை விட்டு மூடி வைத்தார் அவர். பாகு காய்ச்சுகிறவர் பதம் பார்ப்பதுபோல அவ்வப்போது திறந்து ஸ்பாட்டுலாவால் தொட்டுப் பார்த்தார். முதலில் மணலாக இருந்தது. பிறகு நூல் விட்டது. பிறகு கையில் ஒட்டாத மாவானது. "இப்ப வைக்கணும். விட்டா ரப்பர் ஆயிடும்." உள்ளே வைத்து, பிரெஸ்ஸில் இறுக்கி, பிளாஸ்க்கைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார். 74 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம். அவசரமென்றால் அதே வெப்பத்தில் 2 மணி நேரம், பிறகு கொதிநிலையில் 1 மணி நேரம். எடுத்த எடுப்பில் கொதிக்கவிட்டால், தூளோடு இன்னும் இணையாத திரவம் உள்ளுக்குள் ஆவியாகிக் குமிழ் குமிழாக ஓட்டை விழும். வெந்த பிளாஸ்க்கை உடனே பிரிப்பதும் கூடாது, தானாக ஆற வேண்டும். சூட்டோடு எடுத்தால் செட்டு கோணிக்கொள்ளும்.

இவ்வளவு நிதானமாகச் சூடேற்றி, நிதானமாக ஆறவைத்த பொருளைத்தான் வீட்டில் கொதிக்கும் தண்ணீரில் போடுகிறோம். அக்ரிலிக்குக்குள் இறுகி நிற்கும் இழுவிசை அந்தச் சூட்டில் தளர்ந்து வடிவம் மாறும். கண்ணுக்குத் தெரியாத அளவு மாறினாலே போதும், மறுநாள் ஈறு புண்ணாகிவிடும். குழாய்த் தண்ணீரோ வெதுவெதுப்பான தண்ணீரோ தாராளம்.

இரண்டாவது, உராய்வு. பிளாஸ்டரை உடைத்து எடுத்த செட்டு சொரசொரவென்று இருக்கிறது. கட்டரால் சீவி, மணல்தாளால் தேய்த்து, நுரைக்கல் தூளைத் தண்ணீரில் குழைத்து மோட்டார் சக்கரத்தில் பிடித்தால் பளபளப்பு வருகிறது. பாலிஷ் இளைஞர் ஒரு செட்டைத் திருப்பிக் காட்டினார். வெளிப்பக்கம் கண்ணாடி. ஈறில் உட்காரும் உட்பக்கம் மட்டும் மங்கல். "அந்தப் பக்கம் பாலிஷ் போட மாட்டோம். போட்டா அளவு போயிடும்." ஈறின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அப்படியே வாங்கிய முகம் அது. பிடிமானம் அதில்தான்.

அழுக்கும் கிருமியும் ஒட்டுவதற்கு வசதியான இடமும் அதுவே. ஆனால் வீட்டில் பெரும்பாலோர் தேய்ப்பது வெளியே தெரியும் பற்களை. கான்டிடா என்ற பூஞ்சை உட்பக்கத்தில் குடியேறினால், மேல்செட்டு மூடியிருக்கும் அண்ணம் செக்கச்செவேலெனச் சிவந்துவிடும். பலருக்கு வலியே இருக்காது. செட்டைக் கழற்றி மருத்துவர் பார்த்தால்தான் தெரியும்.

எதைக் கொண்டு தேய்ப்பது என்பதற்கும் அந்த மோட்டாரிடமே பதில் இருக்கிறது. பற்பசையில் இருக்கும் உரசும் துகள்கள் எனாமலுக்கு ஏற்றவை. அக்ரிலிக் எனாமலைவிடப் பலமடங்கு மென்மையானது. பற்பசையும் பல்பொடியும் சாம்பலும் தேங்காய் நாரும் அதில் நுண்ணிய கீறல் போடும். கறையும் கிருமியும் கீறலில் தங்கும். மிருதுவான பிரஷ், சாதாரண சோப்பு அல்லது பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு போதும். பேசினில் பாதித் தண்ணீர் நிரப்பியோ, அடியில் ஒரு துண்டை விரித்தோ கழுவினால், கை வழுக்கினாலும் செட்டு பிழைக்கும். சாப்பிட்ட பிறகெல்லாம் கழற்றி அலசுவது நல்லது. வறுகடலைப் பருக்கை ஒன்று உள்ளே சிக்கினால் அது அழுத்தும் இடத்தில் புண் வரும்.

மூன்றாவது, தண்ணீர். முடிந்த செட்டுகளை இங்கே உலர்த்தி வைப்பதில்லை. தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்புகிறார்கள். மிச்சமிருக்கும் திரவம் ஊறும்போது ஓரளவு வெளியேறும்; அக்ரிலிக்கும் குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து நிலைபெறும். காய்ந்தால் அந்த அளவு மாறும். ராத்திரி கழற்றிய செட்டைக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைக்காமல் தண்ணீர்க் கிண்ணத்தில் போடச் சொல்வது இதனால்தான். கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். சுத்தப்படுத்தும் மாத்திரை போட்டால், காலையில் நன்றாகக் கழுவிய பிறகே வாயில் வைக்க வேண்டும். உலோகச் சட்டம் உள்ள பகுதிச் செட்டுக்குப் பிளீச்சிங் திரவம் ஆகாது, உலோகம் அரிக்கும்.

இதே நகரத்தில், அந்த மருத்துவரின் அறையில் ஒரு புதுச் செட்டு உரியவரிடம் போய்ச் சேர்வதைப் பார்த்தேன். கிராமத்துப் பெரியவர், கூட மகள். செட்டை மாட்டியதும் கண்ணாடியைக் கீழே வைக்க அவருக்கு மனமில்லை. மருத்துவர் பேசப் பேசத் தலையாட்டினார். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கேள்வி கேட்டது மகள்தான்.

"ராத்திரியும் போட்டுக்கிடலாமா டாக்டர்? இல்லன்னா கூச்சப்படுவாரு."

"வேண்டாம்மா. நாள் பூரா அமுங்கிக் கிடந்த ஈறுக்கு ஓய்வு வேணும். ராத்திரி கழட்டி, ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால தொடைச்சு விடுங்க. ஐயா, கேட்டுச்சா? முதல் ரெண்டு வாரம் முறுக்கெல்லாம் கிடையாது. எங்கயாவது குத்துனா நீங்களே அரம் வச்சு ராவிடாதீங்க. வர்ற அன்னைக்கு செட்ட போட்டுக்கிட்டே வாங்க, அப்பத்தான் புண்ணு எந்த இடம்னு தெரியும்."

ராத்திரி கழற்றச் சொல்வதற்கு ஈறின் ஓய்வு மட்டும் காரணமில்லை. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.3 மடங்கு இருந்தது. செட்டில் வளரும் கிருமி தூக்கத்தில் எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது ஒரு காரணமாக இருக்கலாம். படுக்கையில் இருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

பல்லே இல்லாதவர் பல் மருத்துவரிடம் வருடா வருடம் எதற்குப் போக வேண்டும் என்ற கேள்வியும் வருகிறது. டால்கிரென் என்ற ஆய்வாளர் செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து அளந்து 1972இல் எழுதினார்: கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது. கீழ்செட்டு மட்டும் எப்போதும் தொல்லை தருவதாகப் பாட்டிகள் புலம்புவதற்கு இதில் நியாயம் இருக்கிறது. தளர்ந்த செட்டின் உட்பக்கத்துக்குப் புது அக்ரிலிக் பூச்சு கொடுக்கலாம். லேபில் அதை ரீலைனிங் என்கிறார்கள். ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகளில் புதிதாகவே செய்ய வேண்டி வரும். செட்டு நழுவாமலிருக்கப் பசை தடவிக் காலம் தள்ளுவது, ஆடும் செட்டு எலும்பை மேலும் அழுத்த விடுவதாகும்.

வீட்டில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ரிப்பேர் வரும்படி குறையாதா என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். "ரிப்பேர்ல என்ன தம்பி பெருசா கிடைக்குது? புதுச் செட்டு செய்யவே ஆளு பத்தல. பசங்க இதுக்கு வர்றதில்ல. தூசி, நெடி, பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. இப்ப கம்ப்யூட்டர்ல வரைஞ்சு மெஷின்லயே கடைஞ்சிடுறாங்க." பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னார். முதியோர் இல்லத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர் செட்டு என்று முன்கூட்டியே சொன்னால், ஒரு சிறு தாளில் பெயர் எழுதி நிறமில்லாத அக்ரிலிக்குக்கு அடியில் பதித்துத் தருவாராம். செட்டு மாறிப்போகாது. யாரும் கேட்பதில்லை, இப்படி ஒரு வசதி இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஒரு செட்டு செய்ய மருத்துவரும் டெக்னீஷியனும் பல நாள் உழைக்கிறார்கள். இருவரும் தொழில் படித்தவர்கள். அதன்பின் பல ஆண்டுகள் அதைக் காக்கிற வேலை, எதுவும் சொல்லித்தரப்படாத ஒரு மகளிடமோ மருமகளிடமோ போய்ச் சேர்கிறது. கண்ணாடியில் புதுச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வாயால் சொல்லும் அறிவுரை தங்காது. செட்டு வரும் பையிலேயே பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்த ஒரு தாளை லேப் வைத்து அனுப்பலாம். மருத்துவர் அதில் கையெழுத்துப் போட்டு, கூட வந்தவர் கையில் கொடுக்கலாம். என்ன எழுதுவதென்று யோசிக்க வேண்டியதில்லை. ரிப்பேர் தட்டில் கிடப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எப்படி உடைந்தது என்று எழுதினாலே தாள் நிரம்பிவிடும்.