யாரும் விடை சொல்லாதீங்க

நாற்று, உரம், தேங்காய் விலைன்னே எழுதிக்கிட்டு இருந்தவன், இன்னைக்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பத்தி எழுதப் போறேன். சென்னை, பெங்களூர்ல இருந்து படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு என்னைவிட நல்லாவே தெரிஞ்சிருக்கும். பேரு 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. 1990-ல வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' படம் எடுத்த ஜார்ஜ் லூகாஸோட கம்பெனி போட்டது. உருவாக்கினவர் ரான் கில்பர்ட். கூடவே டிம் ஷாஃபர், டேவ் கிராஸ்மன்னு ரெண்டு பேர்.

கதை ரொம்பச் சுலபம். கைபிரஷ் திரீப்வுட்னு ஒரு இளவட்டம், கடற்கொள்ளைக்காரன் ஆகணும்னு ஒரு தீவுக்கு வர்றான். அங்க இருக்கிற பெருசுங்க மூணு சோதனை வைக்கிறாங்க. கத்திச் சண்டையில ஜெயிக்கணும், கவர்னர் மாளிகையில ஒரு சிலையைத் திருடணும், புதையல் எடுக்கணும். சுடுறது குத்துறது எதுவும் நம்ம வேலை இல்ல. திரையில இருக்கிற பொருளை மவுசால தொட்டு எடு, குடு, தள்ளு, பேசுன்னு சொல்லணும். எதை எங்க வச்சா என்ன நடக்கும்ங்கிறதை நம்ம மண்டைதான் கண்டுபிடிக்கணும். வழி நெடுகச் சிரிப்புத்தான்.

ஒரு குறிப்பும் பார்க்காம இதை நான் முடிச்சேன். 41 நாள் ஆச்சு.

போன சித்திரையில பசு மிரண்டு கயித்தை இழுத்ததுல முழங்கால் ஜவ்வு கிழிஞ்சுபோச்சு. ரெண்டு மாசம் வயல் பக்கமே போகக்கூடாதுன்னுட்டார் டாக்டர். கோயமுத்தூர்ல வேலை பார்க்கிற மகன் வந்து பார்த்துட்டு, பொழுது போகட்டும்னு அவனோட பழைய லேப்டாப்பைக் குடுத்தான். அதுல இந்த விளையாட்டு இருந்துச்சு. 2009-ல புதுப் படம் வரைஞ்சு, குரலும் சேர்த்து வந்த பதிப்பு. கிளம்புறப்ப ரெண்டு விஷயம் சொன்னான். "மாட்டிக்கிட்டா எச் பொத்தானை அமுக்குங்கப்பா, அதுவே வழி சொல்லும்." அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டே, "நிலத்தைக் குத்தகைக்கு விட்டுருங்கப்பா, நீங்க பாடுபட்டது போதும். நானே ஆள் பார்த்து வச்சிருக்கேன்." ரெண்டுக்குமே நான் பதில் சொல்லல.

நமக்கு இருக்கிறது ஒண்ணேமுக்கால் ஏக்கர். பெரியாறு கால்வாய்ப் பாசனத்துல பேரணை முதல் கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோக நிலம்னு கணக்குச் சொல்வாங்களே, அதுல ஒரு ஓரம். தண்ணி திறந்ததும் எந்த வயல்ல முதல்ல பாய்ச்சணும், எங்க வரப்பு ஓட்டை போடும்னு எனக்கு யாரும் எழுதிக் குடுத்ததில்ல. சரி, அந்த எச் பொத்தானைத் தொடுறதில்லைன்னு அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணினேன்.

பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சவன் நான். அதனால எனக்குன்னு ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன். அகராதி பார்க்கலாம், விடை பார்க்கக்கூடாது. பால் கணக்கு நோட்டோட பின்பக்கம் முழுக்க இங்கிலீஷ் வார்த்தைதான். வீட்டுல அதைப் பார்த்துட்டு, "ஏங்க, இந்த வயசுல பரீட்சையா எழுதப் போறீங்க?"ன்னு கேட்டா.

அந்த நோட்டு கத்திச் சண்டைக்குத்தான் ரொம்ப உதவிச்சு. இதுல சண்டை கத்தியால இல்ல, வாயால. எதிராளி ஒரு வசவு விடுவான். அதுக்குப் பொருத்தமான பதிலடி குடுத்தா நம்ம கை ஓங்கும். நமக்குத் தெரியாத வசவை அவன் விட்டா அது நம்ம கணக்குல சேரும். நாம விட்ட வசவுக்கு அவன் பதில் சொன்னா அந்தப் பதிலும் நமக்குத்தான். தோத்துத் தோத்துத்தான் சேர்க்கணும். நம்ம பக்கம் எசப்பாட்டுக் கட்டுறவங்க செய்யறது இதேதான். முடிவுல வாள் சண்டையில தலைசிறந்த ஒரு பொம்பளையோட மோதணும். அந்த அம்மா சொல்ற வசவெல்லாம் புதுசு, ஆனா நம்மகிட்ட இருக்கிற பழைய பதில்தான் அதுக்கும் பொருந்தணும். அங்கதான் ஆறு நாள் போச்சு.

அதுல ஒரு வசவு, நீ மாடு வச்சுப் பால் கறக்கிறவன் மாதிரிச் சண்டை போடுறேங்கிறது. ரெண்டு பசு வச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்துற எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சரியான பதில் என்னன்னா, சொன்னவனையே மாடாக்கி விடுறது. அதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்தாங்க.

ஒரு பாலத்துல பூதம் ஒண்ணு வழியை மறிக்கும். பார்க்கிறவங்க கண்ணை இழுக்கணும், ஆனா அதுல சரக்கு இருக்கக்கூடாது, அப்படி ஒரு பொருள் குடுன்னு கேட்கும். பையில இருந்ததையெல்லாம் நீட்டினேன். ஒரு சிவப்பு மீனுக்கு வழி விட்டுச்சு. ஏன்னு அப்பப் புரியல. இங்கிலீஷ்ல 'ரெட் ஹெர்ரிங்'னா ஆளைத் திசை திருப்புற பொய்த் தடயம்னு பிற்பாடு மகள் சொன்னா. நம்ம விடுகதையை வெள்ளைக்காரன்கிட்ட போட்டா அவனுக்கும் இதே கதிதான்.

அந்தக் காலத்துல இந்த மாதிரி விளையாட்டுல தெரியாம ஒரு அடி வச்சாலே ஆள் காலி. இல்லன்னா எங்கயோ விட்டுட்டு வந்த ஒரு பொருளுக்காக முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அது பிடிக்காம ரான் கில்பர்ட் 1989-ல ஒரு கட்டுரையே எழுதினார். இதுல கைபிரஷ் சாகிறதுக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கு. திருடின சிலையோட சேர்த்துக் கட்டி அவனைக் கடலுக்குள்ள தள்ளிடுவாங்க. அவனால பத்து நிமிஷம் மூச்சடக்க முடியும். சுத்தியும் கத்தியும் கூரான சாமானுமாக் கிடக்கும், ஒண்ணும் கைக்கு எட்டாது. அங்க நின்னேன் ரெண்டு சாயங்காலம்.

மூணாம் நாள் காலையில, கொட்டத்துல கட்டியிருந்த கிடா முளைக்குச்சியைப் பிடுங்கிக்கிட்டு, கயித்தோட அதை இழுத்துக்கிட்டே வெண்டைப் பாத்தியில மேயுது. கயிறு அறுபடவே இல்ல! கம்பை ஊணிக்கிட்டு உள்ள போய் லேப்டாப்பைத் திறந்தேன். சிலையைத் தொட்டு 'எடு'ன்னேன். பய அதைத் தூக்கி உள்ள வச்சுக்கிட்டு ஜம்முனு மேல ஏறி வந்துட்டான். கிடாவை விரட்ட மறந்தே போச்சு.

குரங்குத் தீவுல ஒரு குரங்குக்குப் பழம் மேல பழமாக் குடுத்தா நம்ம பின்னாலயே வரும், அதை வச்சு ஒரு கதவைத் திறக்கணும். சிறுமலையில இருந்து இறங்குற கூட்டத்தோட மல்லுக்கட்டுற வாழைக்காரனுக்கு இதெல்லாம் ஒரு புதிரா? ஒரே உட்காருல முடிஞ்சுது. கடைசியில லெசக்ங்கிற பேய்க் கேப்டனை ஒழிக்கிறது 'ரூட் பீர்'. நம்ம போன் அதை 'வேர் பீர்'னு மொழிபெயர்த்துச்சு. சாராயம் இல்லையாம், வேர்ச் சாறு போட்ட குளிர்பானமாம். அப்ப நம்ம மதுரை ஜிகர்தண்டாவுல ஊத்துற நன்னாரிக்கு அண்ணன் தம்பி முறைன்னு வச்சுக்கலாம். நன்னாரிக்குப் பேய் பயப்படுமான்னு அழகர்கோவில் பக்கத்து ஆளுங்கதான் சொல்லணும்.

முடிச்ச ராத்திரியே மகனுக்குப் போன் போட்டேன்.

"எச் அமுக்கினீங்களாப்பா?"

"இல்லடா."

"அந்தச் சிலை?"

"நானாத்தான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "நான் அதை நெட்டுல பார்த்துத்தான்ப்பா எடுத்தேன்"ன்னான். குத்தகைப் பேச்சை அவன் எடுக்கல. நானும் எடுக்கல.

கால் இன்னும் லேசா இழுக்குது. நாத்தங்கால் உழவுக்கு டிராக்டர் சொல்லியாச்சு, விதைநெல் 40 கிலோ வந்து இறங்கியாச்சு. இந்த விளையாட்டோட ரெண்டாம் பாகம் 1991-லயே வந்திருச்சாம். அதை நடவு முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம். தெரிஞ்சவங்க யாரும் விடை சொல்லிடாதீங்க.