மலை ஏறிய மெத்தையும் தொட்டிலும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர்தான். ஆனால் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். சும்மா போனாலே வயிற்றைப் புரட்டும் பாதை அது. காரின் தலையில் பாரமும் ஏற்றிக்கொண்டு போவதென்றால் கேட்கவா வேண்டும்?

என் நாத்தனார் மகளுக்கு அங்கே தேயிலை எஸ்டேட்டில் வீடு. பிரசவத்துக்கு வந்தவளை ஐந்தாம் மாதம் பிள்ளையோடு கொண்டுபோய் விடப் புறப்பட்டோம். சீராக ஒரு மரத்தொட்டில், ஒரு தென்னை நார் மெத்தை. பொள்ளாச்சிக்குப் போய்விட்டு நார் மெத்தை வாங்காமல் வருவார்களா! இதற்கென்று தனி வேன் எதற்கு, வாடகைக் காரின் கேரியரிலேயே ஏற்றிவிடலாம் என்று முடிவாயிற்று.

டிரைவர் அண்ணன் முதலில் கேட்டது எடையைத்தான். "நம்ம வண்டிக் கூரை 50 கிலோதானுங்க்கா தாங்கும். கேரியர் எடையும் அதுலயே சேத்தி" என்றார். காருக்குக் கார் இந்த அளவு மாறும். காரோடு தரும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். அரிசி மூட்டையையும் பித்தளை அண்டாவையும் டிக்கிக்குள் தள்ளிவிட்டார். தலைப்பாரம் கூடினால் வளைவில் வண்டி சாயுமாம்.

பிறகு கேரியரையே இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்து, அதன் போல்ட்டுகளை முறுக்கினார். பாரத்தை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கேரியரே கழன்றால் என்ன பிரயோஜனம்? மெத்தையை அடியில் போட்டு, பிரித்த தொட்டில் பலகைகளை ஒரே கட்டாகக் கட்டி அதன் மேல் வைத்தார். "இது அழுத்திக்கிட்டிருந்தா மெத்தை மூக்கைத் தூக்காதுங்க."

நான் நைலான் கயிற்றை நீட்டினேன். வேண்டாமென்று விட்டார். அது இழுபடும், மழையில் நனைந்தால் இன்னும் தொய்யுமாம். லாரிக்காரர்கள் கட்டுகிற பட்டை பெல்ட், பல்சக்கரப் பூட்டு வைத்தது, அதைத்தான் எடுத்தார். குறுக்கே இரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வண்டியை இழுக்கிற கொக்கியில் மாட்டினார். ஏற்றத்தில் பாரம் பின்னால் நழுவப் பார்க்கும். இறக்கத்தில் பிரேக் போட்டால் முன்னால் வரும். பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் காற்றில் 'விர்ர்' என்று சத்தம் வராது. இது எனக்குப் புதுசு.

நாத்தனார் பையன், "ஜன்னல் வழியா நான் ஒரு கை பிடிச்சுக்கறேன் மாமி" என்றான். "பறக்கறப்போ கையும் சேந்து போயிருமுங்க தம்பி" என்றார் டிரைவர். உண்மைதான். 40-ல் போகும் கார் 80-ல் போனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கு, அதன் பலம் நான்கு மடங்கு. மெத்தை பறந்தால் நமக்கு ஒரு மெத்தை நஷ்டம், அவ்வளவுதான். பின்னால் மொபெட்டில் பிள்ளையை முன்னே நிறுத்திக்கொண்டு வருகிறவள் கதி?

அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ முன்பின்னோ பாரம் நீட்டிக்கொண்டிருந்தால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். அந்தக் காசுக்கு நான்கு வேன் பிடிக்கலாம்!

பத்து கிலோமீட்டர் போனதுமே நிறுத்திப் பார்த்தார். குலுங்கியதில் மெத்தை அமுங்கி, பெல்ட் தளர்ந்திருந்தது. இரண்டு பல் இறுக்கினார். ஆழியாற்றில் மறுபடியும். குரங்கு அருவிப் பக்கம் குரங்குகள் கேரியரை நோட்டம் விட்டன. பலகாரக் கூடையை மேலே வைக்காதது எவ்வளவு நல்லதாயிற்று!

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை. கீழே ஆழியாறு அணை நீலத் தட்டு மாதிரி கிடக்கிறது. பாறை மேல் இரண்டு வரையாடுகள் எங்களைச் சட்டை செய்யாமல் நின்றன. பிள்ளைக்குப் பசியாற்ற அங்கே கொஞ்ச நேரம். அதற்குள் அண்ணன் நான்கு பெல்ட்டையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கு மேல் மூடுபனி, தேயிலைத் தோட்டம், குளிர்.

இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது வெறும் கேரியர் வழியெல்லாம் விசில் அடித்தது. வேலை இல்லாதபோது அதைக் கழற்றி வைத்துவிட்டால் பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகுமாம்.